முதன்மைப் பட்டைச் சிறுகோள்: புள்ளியைப் பிடிப்பது முதல் பெயர் சூட்டுவது வரை

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, சூரியனிலிருந்து ஏறத்தாழ 2.1 முதல் 3.3 வானியல் அலகு வரை பரந்து கிடப்பது சிறுகோள்களின் முதன்மைப் பட்டை. வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு. இன்று அறியப்பட்ட சிறுகோள்கள் 14 லட்சத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை இந்தப் பட்டையைச் சேர்ந்தவை. பெயர் சூட்டப்பட்டவை சுமார் 25 ஆயிரம்தான். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே இருக்கும் வேலையைத்தான் இந்தக் கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

புதிதாக வருபவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே இரவில் ஒரு புள்ளி நகர்வதைப் பார்த்துவிட்டால் அது கண்டுபிடிப்பு ஆகிவிடாது. அதே புள்ளியை இன்னொரு இரவில் திரும்பப் பிடித்து, இரண்டையும் ஒரே சுற்றுப்பாதையில் பொருத்தினால்தான் கணக்கில் சேரும். முதல் சிறுகோளுக்கே இந்தச் சிக்கல் வந்தது. 1801 ஜனவரி 1 அன்று பலெர்மோவில் ஜியூசெப்பே பியாஸி சீரிஸைக் கண்டார். பிப்ரவரி 11 வரை 24 முறை அதன் இடத்தை அளந்தார். பிறகு அது சூரிய ஒளிக்குள் மறைந்துவிட்டது. இத்தனை குறுகிய கால அளவீடுகளிலிருந்து பாதையைக் கணிக்க அப்போது நல்ல வழி இல்லை. 24 வயது கார்ல் ஃபிரெட்ரிக் காஸ் அதற்கென ஒரு முறையை உருவாக்கிக் கணக்கிட்டுக் கொடுத்தார். அந்தக் கணக்கை வைத்துத்தான் அந்த ஆண்டின் கடைசி நாளில் ஃபான் ஸாக் சீரிஸை மீண்டும் பிடித்தார். இன்றைக்குக் கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன, நடைமுறை அதேதான்: அளவீடு, கணிப்பு, மீண்டும் பிடிப்பது.

எவ்வளவு மங்கலானதைத் தேடப் போகிறீர்கள்?

பொலிவெண் கூடக்கூடப் பொருள் மங்கும் என்பது தெரிந்திருக்கும். ஒரு சிறுகோள் சூரியனிலிருந்து 2.6 வானியல் அலகு தொலைவில் இருக்கிறது என்று வையுங்கள். அது எதிர்நிலைக்கு வரும்போது, அதாவது நம் வானில் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும்போது, பூமியிலிருந்து 1.6 அலகு தொலைவில் இருக்கும். இரண்டையும் பெருக்கி, மடக்கை எடுத்து, 5-ஆல் பெருக்கினால் 3.1 வரும். அந்தச் சிறுகோளின் தனிப் பொலிவெண்ணோடு, அதாவது சூரியனிலிருந்தும் நம்மிடமிருந்தும் 1 அலகு தொலைவில் நின்றால் அதற்கு இருக்கும் பொலிவெண்ணோடு, இதைக் கூட்டினால் வானில் தெரியும் பொலிவு கிடைக்கும். தனிப் பொலிவெண் 17 என்றால் வானில் 20.1. ஒளியில் 14 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு என்று கொண்டால், அதன் குறுக்களவு சுமார் 1.4 கிலோமீட்டர். தனிப் பொலிவெண் 18.5 என்றால் வானில் 21.6, குறுக்களவு சுமார் 700 மீட்டர்.

பான்-ஸ்டார்ஸ், கேடலினா போன்ற பெரிய தேடல் திட்டங்கள் 21, 22 வரை வானத்தைத் திரும்பத் திரும்ப அலசிவிட்டன. சிலியில் உள்ள வேரா ரூபின் வானாய்வகம் இன்னும் ஆழமாகப் பார்க்கிறது. 2025 ஜூனில் வெளியிட்ட முதல் படங்களில், சுமார் 10 மணி நேரப் பார்வையில், முன்பு யாரும் அறியாத 2,104 சிறுகோள்கள் கிடைத்தன. ஆக, 19-ஆம் பொலிவெண்ணில் பட்டைச் சிறுகோள் ஒன்று இதுவரை யார் கண்ணிலும் படாமல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கொல்லைப்புறத்து 25 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பில் தனிப்படம் ஒன்றைப் பார்த்துப் புதிய பொருளைப் பிடித்த காலம் முடிந்துவிட்டது. அதற்காக மனம் தளர வேண்டாம். வழிகள் உண்டு, அவை வேறு மாதிரியானவை.

எந்த வழியில் இறங்குவது

முதல் வழி, மற்றவர்கள் எடுத்த படங்களில் தேடுவது. சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு என்ற திட்டம் குழுக்களாகப் பதிவு செய்பவர்களுக்கு ஹவாயில் உள்ள 1.8 மீட்டர் பான்-ஸ்டார்ஸ் டெலஸ்கோப்பின் படங்களை இலவசமாகத் தருகிறது. வானத்தின் ஒரே பகுதியைச் சிறிய இடைவெளி விட்டு எடுத்த நான்கு படங்கள் ஒரு தொகுப்பு. அவற்றை ஆஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருளில் திறந்து தேட வேண்டும். அதைவிட எளிதான நுழைவாயில் ஸூனிவர்ஸ் தளத்தில் இருக்கும் டெய்லி மைனர் பிளானட் திட்டம். கேடலினாவின் படங்கள் மாறி மாறி மின்னும். அவற்றில் கணினி சுட்டிக்காட்டும் புள்ளி உண்மையா பொய்யா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எதையும் நிறுவ வேண்டியதில்லை.

இரண்டாம் வழி, சொந்த டெலஸ்கோப். அதற்கு முன் முதல் வழியில் சில மாதமாவது பழகுங்கள். உண்மையான சிறுகோள் எப்படி இருக்கும், இரைச்சல் எப்படி ஏமாற்றும் என்று கண்ணுக்குப் பழக்கமானால், சொந்தப் படங்களில் வீணாகும் நேரம் பாதியாகக் குறையும்.

சொந்தக் கருவி என்றால்

முதலில் படத்தின் அளவுகோலைக் கணக்கிடுங்கள். பிக்சலின் அகலத்தை மைக்ரானில் எடுத்து, 206.265-ஆல் பெருக்கி, குவியத் தொலைவின் மில்லிமீட்டரால் வகுத்தால், ஒரு பிக்சலுக்கு எத்தனை விகலை என்று வரும். விகலை என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. 3.76 மைக்ரான் பிக்சல் கேமராவை 1,000 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள டெலஸ்கோப்பில் பொருத்தினால் பிக்சலுக்கு 0.78 விகலை. 2×2 பின்னிங் செய்தால், அதாவது நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்தால், 1.55. அளப்பதற்கு 1 முதல் 2 விகலை நல்ல வரம்பு. அதைவிடக் குறைந்தால் மங்கலான பொருளின் ஒளி பல பிக்சல்களில் சிதறிப்போகும். கூடினால் இடத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

எதிர்நிலைக்கு அருகே ஒரு பட்டைச் சிறுகோள் நிமிடத்துக்கு சுமார் 0.55 விகலை நகரும். மணிக்கு 33 விகலை. விண்மீன் பிம்பம் 3 விகலை அகலம் என்றால், 5 நிமிடம் வரை ஷட்டரைத் திறந்து வைத்தாலும் கோடாக இழுபடாது. ஆனாலும் 60 முதல் 120 விநாடிப் படங்களாகப் பலவற்றை எடுப்பதுதான் நல்லது. செயற்கைக்கோள் குறுக்கிட்டாலோ காற்று ஆட்டிவிட்டாலோ ஒரு படம்தான் போகும். ஒரே பகுதியை 20 முதல் 30 நிமிட இடைவெளியில் நான்கு முறை எடுங்கள். 20 நிமிடத்தில் 11 விகலை, அதாவது மேலே சொன்ன அளவுகோலில் 7 பிக்சல். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நகர்வு அது.

படங்களை அடுக்கிச் சேர்ப்பதால் கிடைக்கும் ஆழத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 36 படங்களைச் சேர்த்தால் பொலிவெண்ணில் சுமார் 1.9 கூடும். 19.3 வரை எட்டும் கருவி 21.2 வரை எட்டும். சிக்கல், புதிய பொருள் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று தெரியாமல் எப்படி அடுக்குவது என்பதுதான். டைக்கோ டிராக்கர் போன்ற மென்பொருள்கள் சாத்தியமான வேகங்களையும் திசைகளையும் ஆயிரக்கணக்கில் முயன்று பார்த்து, எதில் புள்ளி திரண்டு வருகிறதோ அதைக் காட்டும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் இந்த வேலை நகராது. கொல்லைப்புறக் கருவியால் இன்றைக்குப் போட்டியில் நிற்க முடிகிறது என்றால் அது இந்த முறையால்தான்.

எங்கே நோக்குவது? சூரியனுக்கு நேர் எதிரே, கிரகணப் பாதையை (வானில் சூரியன் ஆண்டு முழுக்க நகரும் பாதையை) ஒட்டி. அங்கேதான் சிறுகோள்கள் நமக்குக் கிட்டத்தில் இருக்கும், முழுமையாக ஒளி பட்டுப் பிரகாசமாகவும் தெரியும். நிலா இல்லாத இரவுகளைத் தேர்ந்தெடுங்கள். ஜூன், ஜூலையில் அந்த எதிர்ப்புள்ளி தனுசு ராசிப் பக்கம், பால்வீதியின் நெரிசலுக்குள் போய்விடும். டிசம்பர் கடைசியிலும் அது மிதுனத்தில் பால்வீதி ஓரத்தில் நிற்கும். படத்தில் விண்மீன்கள் நெருக்கியடித்து நிற்க, சிறுகோள் எதன் மேலாவது ஏறிக்கொண்டேயிருக்கும். ஆரம்பத்தில் இந்தப் பருவங்களைத் தவிருங்கள். மார்ச், ஏப்ரலும் செப்டம்பர், அக்டோபரும் சுத்தமான வானம்.

வானாய்வகக் குறியீடு வாங்குவது

சிறுகோள்களின் இட அளவீடுகள் அனைத்தும் அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் இயங்கும் மைனர் பிளானட் சென்டருக்குப் போகின்றன. சொந்தக் கருவியில் அளந்து அனுப்ப மூன்று எழுத்துக் குறியீடு வேண்டும். கட்டணம் இல்லை. ஆனால் தகுதியைக் காட்ட வேண்டும்.

ஏற்கெனவே நிரந்தர எண் பெற்ற, பாதை உறுதியான, அதிகப் பிரகாசமில்லாத சில சிறுகோள்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு இரவுகள், இரவுக்கு மூன்று முதல் ஐந்து முறை அளந்து அனுப்புங்கள். பிழை ஒரு விகலைக்குள் இருக்க வேண்டும். அரை விகலைக்குள் வந்தால் நிம்மதி. கருவி நிற்கும் இடத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை, உயரம் மூன்றையும் ஜி.பி.எஸ். கொண்டு எடுங்கள். பலர் விண்ணப்பம் திரும்பி வருவதற்குக் காரணம் கருவி அல்ல, நேரம். அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

அளவீட்டில் குறிக்க வேண்டியது படத்தின் நடு நேரம். கேமரா மென்பொருள்கள் பெரும்பாலும் ஷட்டர் திறந்த நேரத்தை ஃபிட்ஸ் என்ற வானியல் படக் கோப்பின் தலைப்பில் எழுதுகின்றன. 60 விநாடிப் படத்தில் தொடக்கத்தை நடுவென்று தவறாகக் கொண்டால் 30 விநாடி பிழை, அதாவது சுமார் 0.27 விகலை. பட்டைச் சிறுகோளில் இது மற்ற பிழைகளுக்குள் ஒளிந்துகொள்ளும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. என்றாவது ஒருநாள் பூமிக்கு அருகே வேகமாகப் போகும் பொருளை அளக்கும்போது மானம் போகும். ஆகவே ஆஸ்ட்ரோமெட்ரிகாவின் அமைப்பில் தொடக்கம், நடு, முடிவு என்ற தேர்வைச் சரியாக வையுங்கள். கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு இணைத்து, அது உண்மையில் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு இரவும் பாருங்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் ஒன்றைப் படம் பிடித்து, அதன் கணித்த இடத்தோடு ஒப்பிட்டால் கடிகாரத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். நேரம் எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான். உள்ளூர் நள்ளிரவில் தேதியை மாற்றி எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

படத்தை அளக்கும் வரிசை

மென்பொருளில் குவியத் தொலைவு, பிக்சல் அளவு, படம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற மூன்றையும் கொடுத்து, விண்மீன் அட்டவணையாகக் கையா விண்கலத்தின் அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள். கேமராவின் சொந்த இரைச்சலையும் ஒளிச் சீரின்மையையும் நீக்கும் டார்க், ஃபிளாட் திருத்தம் செய்த படங்களை ஏற்றுங்கள். மென்பொருள் படத்தின் விண்மீன்களை அட்டவணையோடு பொருத்தி, சராசரி விலகலைக் காட்டும். 0.3 விகலைக்குள் இருந்தால் தொடரலாம். 1-க்கு மேல் போனால், அல்லது பொருந்தவே இல்லையென்றால், பெரும்பாலும் குவியத் தொலைவு தவறு, அல்லது படம் கண்ணாடி பிம்பமாகத் திரும்பியிருக்கிறது. இரண்டையும் மாற்றிப் பாருங்கள்.

பிறகு சிறுகோள் பாதைக் கோப்பைப் புதுப்பியுங்கள். இதை மறப்பவர்கள்தான் ஏற்கெனவே அறிந்த சிறுகோளைப் புதிதென்று கொண்டாடுகிறார்கள். புதுப்பித்தபின் அறியப்பட்ட பொருள்களைப் படத்தின் மேல் குறியிடச் சொல்லுங்கள். குறியில்லாத எது நகர்கிறதோ அதுதான் நீங்கள் தேடுவது.

நான்கு படங்களையும் மாறி மாறி மின்னவிட்டு, படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் பொறுமையாகப் பாருங்கள். ஓரங்களை விட்டுவிடாதீர்கள். தானியங்கித் தேடலையும் ஓட்டலாம். ஆனால் மங்கலான பொருளில் கண் இன்னும் கணினியை முந்துகிறது. சந்தேகப் புள்ளியைச் சொடுக்கினால் அதன் ஒளிப் பரவல் வளைவு, சிக்னல்-நாய்ஸ் விகிதம் (பின்னணி இரைச்சலைவிடப் பொருளின் ஒளி எத்தனை மடங்கு என்பது), பிம்ப அகலம், பொலிவெண் எல்லாம் வரும். ஒவ்வொரு படத்திலும் இவற்றைக் குறித்துவைத்து ஒப்பிடுங்கள்.

எது பொய்ப் புள்ளி?

உண்மையான சிறுகோள் நேர்கோட்டில், சம வேகத்தில், ஏறக்குறைய ஒரே பொலிவில் போகும். அதன் பிம்பம் பக்கத்து விண்மீன்கள் அளவுக்கே அகன்றிருக்கும். சிக்னல்-நாய்ஸ் விகிதம் 5-க்குக் கீழே போனால் நம்ப வேண்டாம். எதிர்நிலைக்கு அருகே பார்க்கிறீர்கள் என்றால் அது மேற்கு நோக்கித்தான் போக வேண்டும், நிமிடத்துக்கு 0.4 முதல் 0.7 விகலை வேகத்தில். கிழக்கே போனாலோ 1 விகலையைத் தாண்டினாலோ, ஒன்று தவறு, அல்லது பட்டையைச் சேராத சுவாரசியமான பொருள்.

ஏமாற்றுக்காரர்களில் முதலிடம் ஹாட் பிக்சலுக்கு, அதாவது ஒளி படாமலேயே பிரகாசிக்கும் பழுதான பிக்சலுக்கு. கேமராவில் அது நிலையாக ஒரே பிக்சலில் நிற்கும். டெலஸ்கோப்பின் கண்காணிப்பு மெல்ல நழுவினால், விண்மீன்களோடு பொருத்திய படத்தில் அது சீராக நகர்வதுபோலத் தோன்றும். நேர்கோடு, சம வேகம், எல்லாம் சரியாக இருக்கும்! பிம்ப அகலம்தான் காட்டிக்கொடுக்கும், விண்மீனைவிட மிகக் கூர்மையாக, ஒரு பிக்சல் அளவில் இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் இடையே டெலஸ்கோப்பைச் சில பிக்சல் தாறுமாறாக நகர்த்தினால் இந்தத் தொல்லை ஒழியும்.

காஸ்மிக் கதிர் ஒரே படத்தில் மட்டும் வரும். பிரகாசமான விண்மீனின் பிரதிபலிப்பு பஞ்சுபோலப் பரந்து, படத்தின் மையத்துக்கு எதிர்ப்புறம் நகரும். இரைச்சல் புள்ளிகள் மூன்று தற்செயலாக ஒரே கோட்டில் அமைவது நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். நான்கில் மூன்றில் மட்டும் தெரியும் மங்கலான பொருளை, நான்காவதில் அது ஒரு விண்மீனுக்குப் பின்னே மறைந்திருக்கிறது என்று காட்ட முடிந்தால் ஒழிய, அனுப்பாதீர்கள்.

வல்லவர்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். புகைப்படம் மூலம் சிறுகோள் கண்டுபிடிப்பதை 1891-இல் தொடங்கிவைத்த மாக்ஸ் வோல்ஃப், 1892-இல் கண்ட ஒன்றுக்கு 330 அடல்பெர்டா என்ற எண்ணும் பெயரும் கிடைத்தன. அப்படி ஒரு சிறுகோளே இல்லை. அவர் அளந்தது இரண்டு வெவ்வேறு விண்மீன்களை என்று பின்னாளில் தெரியவந்தது. அந்த எண்ணும் பெயரும் 1910-இல் அவரே கண்ட வேறொரு சிறுகோளுக்கு மாற்றப்பட்டன.

அறிக்கை அனுப்புவது

தேறிய புள்ளியை மைனர் பிளானட் சென்டரின் எம்.பி. செக்கர் கருவியில் சோதியுங்கள். தேடல் வட்டத்தை 30 கலை (ஒரு கலை 60 விகலை) அளவுக்கு வையுங்கள், பொலிவு வரம்பை உங்கள் பொருளைவிட ஓர் எண்ணாவது ஆழமாக. சில கலை தள்ளி, அதே வேகத்தில் அதே திசையில் போகும் அறியப்பட்ட சிறுகோள் ஒன்று இருந்தால், பெரும்பாலும் உங்களுடையது அதுதான். பாதை பழசாகிப்போனதால் கணித்த இடம் விலகியிருக்கிறது. இந்த அளவீடும் மதிப்புள்ளது, கண்டிப்பாக அனுப்புங்கள்.

எதனோடும் பொருந்தாவிட்டால், ஏழு எழுத்துக்கு மிகாத ஒரு தற்காலிகப் பெயரை நீங்களே வைத்து அனுப்பலாம். ஒருமுறை பயன்படுத்திய பெயரை இன்னொரு பொருளுக்கு வைக்காதீர்கள், இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒரே இரவின் அளவீட்டுத் தொகுப்புக்கு டிராக்லெட் என்று பெயர். அதில் குறைந்தது மூன்று அளவீடுகளாவது வையுங்கள். இப்போதைய வடிவம் ஏ.டி.இ.எஸ். பழைய 80 எழுத்து வரி வடிவமும் தெரிந்திருப்பது நல்லது, பழைய தரவு முழுக்க அதில்தான். அதில் தேதி நாளின் பின்னமாக ஐந்து தசம இடங்களோடு எழுதப்படும். கடைசி இலக்கம் 0.86 விநாடி. வானில் பொருளின் இடத்தைச் சொல்லும் இரண்டு ஆயத்தொலைவுகளில், வல ஏற்றம் விநாடியில் இரண்டு தசமம், நடுவரை விலக்கம் விகலையில் ஒரு தசமம்.

அனுப்பியதும் டைஜஸ்ட்2 என்ற நிரல் உங்கள் பொருளுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும். 65-ஐத் தாண்டினால் பூமிக்கு அருகே வரக்கூடியது என்று உறுதிப்படுத்தல் பட்டியலில் ஏறும், உலகெங்கும் பலர் பின்தொடர்வார்கள். பட்டைச் சிறுகோளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இணையாத டிராக்லெட்டுகளின் கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை எழுப்புவது உங்கள் பொறுப்பு.

இரண்டாவது இரவு

ஒரு நாளில் உங்கள் சிறுகோள் சுமார் 13 கலை நகர்ந்திருக்கும். ஒரு மணி நேர இடைவெளியில், 0.3 விகலைத் துல்லியத்தில் அளந்திருந்தால், மறுநாள் இடத்தை நேர்கோட்டுக் கணக்கிலேயே சுமார் 10 விகலைக்குள் சொல்லிவிடலாம். கண்டுபிடிப்பது எளிது. ஒரு வாரம் கழித்தால் பிழை சில கலைகளாக வளரும், ஏனென்றால் பாதை வளைகிறது, அந்த வளைவை ஓர் இரவின் அளவீடு சொல்லாது. ஒரு மாதம் விட்டால் போனது போனதுதான்.

ஆகவே முதல் இரவுக்குத் திட்டமிடும்போதே அடுத்த மூன்று இரவுகளின் வானிலையையும் நிலாவையும் பாருங்கள். இரண்டாவது இரவு ஒன்று முதல் மூன்று நாளுக்குள், மூன்றாவது ஒரு வாரத்தில், அடுத்தது மாதக் கடைசியில் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு இரவு சேர்ந்ததும் ஃபைண்ட் ஆர்ப் மென்பொருளில் பாதையைக் கணக்கிடலாம். வைசாலா முறை, பொருள் சூரியனுக்கு மிக அருகே வரும் புள்ளியில் இப்போது இருக்கிறது என்று கருதிக்கொண்டு பாதை தரும். உண்மைப் பாதை அதுவல்ல, ஆனாலும் சில நாள் முன்கணிப்புக்குத் தாராளமாகப் போதும். உங்கள் வானம் மூடியிருந்தால் வேறு இடத்தில் கருவி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். அல்லது இணையம் வழி வாடகைக்குக் கிடைக்கும் தொலைதூர டெலஸ்கோப்பில் ஒரு மணி நேரம் எடுங்கள்.

தற்காலிகக் குறியைப் படிப்பது

இரண்டு இரவுகள் இணைந்து, வேறு எதனோடும் பொருந்தவில்லை என்றானதும் மைனர் பிளானட் சென்டர் ஒரு தற்காலிகக் குறி தரும். முதலில் ஆண்டு. அடுத்த ஆங்கில எழுத்து எந்த அரைமாதம் என்பதைச் சொல்லும்: ஜனவரி 1 முதல் 15 வரை ஏ, 16 முதல் 31 வரை பி, இப்படியே ஒய் வரை. ஐ கிடையாது. அடுத்த எழுத்து அந்த அரைமாதத்தில் எத்தனையாவது என்பதற்கு. அங்கேயும் ஐ இல்லை, ஆக 25 எழுத்து. 25 தீர்ந்ததும் பக்கத்தில் 1 சேர்த்து மறுபடி ஏ-யிலிருந்து.

1988 டி.கியூ.1 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். டி என்றால் பிப்ரவரி பின்பாதி. கியூ 16-ஆவது எழுத்து, அதோடு ஒரு சுற்று 25. ஆக அந்த அரைமாதத்தின் 41-ஆவது பொருள். இன்று அது 4130 ராமானுஜன்.

எண் வரும் வரை

பட்டைச் சிறுகோள் ஒன்று ஏறத்தாழ 15, 16 மாதத்துக்கு ஒருமுறை எதிர்நிலைக்கு வரும். எண் தருவதற்குப் பொதுவாக நான்கு எதிர்நிலைகளாவது அளக்கப்பட்டிருக்க வேண்டும். நேராகக் காத்திருந்தால் கிட்டத்தட்ட நான்கு ஆண்டு, நடைமுறையில் அதற்கும் மேல். குறுக்குவழி, பழைய படங்களில் தேடுவது. கனடாவின் வானியல் தரவு மையம் நடத்தும் சூரியக் குடும்பப் படத் தேடலில் உங்கள் பொருளின் குறியைக் கொடுத்தால், பெரிய டெலஸ்கோப்புகளின் எந்தப் பழைய படங்களில் அது தற்செயலாக விழுந்திருக்கும் என்று பட்டியல் வரும். அப்படி ஒரு 2012 படத்தில் அகப்பட்டால் வருடக் கணக்கான காத்திருப்பு மிச்சம்.

பாதையின் நம்பகத்தைக் காட்டும் எண் 0 முதல் 9 வரை இருக்கும். 0 என்றால் உறுதி, 9 என்றால் கைவிட்டுப் போகும் நிலை. இது குறைந்துகொண்டே வருகிறதா என்று ஒவ்வோர் எதிர்நிலைக்குப் பிறகும் பாருங்கள். எண் பெற்றதும் தொலைந்தவை உண்டு. 1916-இல் மவுண்ட் வில்சனில் கண்டறிந்த 878 மில்ட்ரெட், போதிய அளவீடுகள் இல்லாமல் கைநழுவி, 1991-இல்தான் மீண்டும் அடையாளம் காணப்பட்டது. இன்றைய கட்டுப்பாடுகள் இத்தனை கடுமையாக இருப்பதற்கு இதுபோன்ற அனுபவங்களே காரணம்.

கண்டுபிடிப்பாளர் யார் என்பது எண் வழங்கும்போதுதான் முடிவாகும். 2010 அக்டோபரிலிருந்து விதி இது: எந்த எதிர்நிலையில் இரண்டாம் இரவு அளவீடு முதலில் வந்து சேர்ந்ததோ, அந்த எதிர்நிலையில் முதலில் அறிக்கை அனுப்பியவருக்கே உரிமை. உங்கள் பொருள் ஆறு வருடத்துக்கு முன் வேறொருவர் இரண்டு இரவு அளந்து விட்டதுதான் என்று தெரியவந்தால், பெருமை அவருக்குப் போகும். இது அடிக்கடி நடக்கும். படம் வேறு திட்டத்துடையது, தேடியது நீங்கள் என்றால், பெயர் முன்மொழியும் உரிமை யாருக்கு என்று அந்தத் திட்டத்தின் விதியை ஆரம்பத்திலேயே படித்துவிடுங்கள்.

பெயர்

எண் வந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குக் கண்டுபிடிப்பாளருக்குப் பெயர் முன்மொழியும் முன்னுரிமை உண்டு. முடிவெடுப்பது பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் சிறுபொருள் பெயரிடல் பணிக்குழு. பெயரை விலைக்கு வாங்க முடியாது. சான்றிதழ் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களுக்கும் இந்தக் குழுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பெயர் ரோமன் எழுத்தில் 16 எழுத்துக்குள் அடங்க வேண்டும், இடைவெளியும் நிறுத்தக்குறியும் சேர்த்து. ஒரே சொல்லாக இருப்பது விருப்பம். தமிழ்ப் பெயர்கள் ரோமன் எழுத்தில் நீண்டுவிடும் என்பதால் முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். திருவள்ளுவர் 13 எழுத்தில் அடங்கும். கணியன் பூங்குன்றன் வழக்கமான எழுத்துக்கூட்டலில் இடைவெளியோடு 18, சேர்த்து எழுதினாலும் 17, தேறாது. எந்த மொழியிலாவது உச்சரிக்கத்தக்கதாக, யாரையும் புண்படுத்தாததாக, ஏற்கெனவே உள்ள சிறுகோள் அல்லது துணைக்கோள் பெயரோடு குழம்பாததாக இருக்க வேண்டும். வணிகப் பெயர்கள் கூடாது. அரசியல், போர் தொடர்பான மனிதர்கள் என்றால் இறந்து நூறாண்டு கழிந்திருக்க வேண்டும், அத்தகைய நிகழ்வுகளுக்கும் அதே கெடு. கலைஞர், அறிஞர், ஆசிரியர் என்றால் உயிரோடு இருப்பவர் பெயரும் வைக்கலாம். செல்லப் பிராணியின் பெயரை ஊக்குவிப்பதில்லை. 2309 மிஸ்டர் ஸ்பாக் என்ற சிறுகோளுக்கு, கண்டுபிடித்தவரின் பூனையை வைத்துப் பெயர் வந்தது, அதைத் தொடர்ந்து எழுந்த சலசலப்பின் விளைவு இந்த விதி.

வியாழனின் பாதையிலேயே சுற்றும் டிரோஜன் சிறுகோள்களுக்கும் பூமியருகே வருபவற்றுக்கும் புராணம் சார்ந்த தனி மரபுகள் உண்டு. முதன்மைப் பட்டையில் அந்தக் கட்டு இல்லை. ஆரம்ப காலத்தில் கிரேக்க, ரோமானியப் பெண் தெய்வங்களே வழக்கம். 1850-இல் ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் தன் கண்டுபிடிப்புக்கு விக்டோரியா என்று பெயரிட்டபோது, ஆட்சியில் இருக்கும் ராணியின் பெயரா என்று அமெரிக்க வானியலாளர்கள் முகம் சுளித்தார்கள். அது ரோமானிய வெற்றித் தெய்வத்தின் பெயரும்கூட என்று சமாதானம் சொல்லப்பட்டது. 1861-இல் நார்மன் போக்சன் மதராஸ் வானாய்வகத்தில் கண்டறிந்தது 67 ஏசியா. ஆசியக் கண்டத்திலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் அந்தப் பெயர்.

பெயரோடு ஒரு சிறு குறிப்பும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்: யார் அல்லது எது, ஏன் என்று இரண்டு மூன்று வாக்கியம். புகழுரை வேண்டாம். பிறந்த ஆண்டு, செய்த பணி, இடம் போன்ற சரிபார்க்கத்தக்க விவரங்கள் போதும். உயிரோடு இருப்பவர் என்றால் அவரிடமே பெயரின் எழுத்துக்கூட்டலைக் கேட்டு உறுதி செய்யுங்கள். குழு ஏற்றுக்கொண்டாலும், அதன் அறிக்கை இதழில் அச்சாகும் வரை பெயர் அதிகாரபூர்வமானதல்ல. 2021 மே மாதத்திலிருந்து அந்த இதழ் தொடர்ந்து வெளிவருகிறது. வெளிவரும் நாள் வரை பெயரைப் பொதுவில் சொல்லாதீர்கள். இதழ் வந்ததும் எழுத்துக்கூட்டலையும் குறிப்பையும் ஒருமுறை வரி வரியாகப் படித்து, பிழை இருந்தால் உடனே குழுவுக்கு எழுதுங்கள்.